பூனை பார்த்த வீடு



இம்மாதம் ஒரு பகிடிக் கதையோடு வந்திருக்கிறேன். யப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி எழுதிய ‘நான் ஒரு பூனை’ என்ற நாவல் அது. 1905 ஜனவரியில் ஒரு சஞ்சிகையில் தனிக் கதையாகத்தான் வந்தது. வாசகர்களுக்குப் பிடித்துப்போகவே 1906 வரை தொடர்ந்து எழுதினார்.

கதை சொல்வது, பெயர்கூட வைக்கப்படாத ஒரு பூனை. ஓர் ஆங்கில ஆசிரியரின் வீட்டில் ஒதுங்கி, மனிதர் செய்வதையெல்லாம் பார்த்து அதிசயிக்கிறது. ஆசிரியர் வயிற்றுக் கோளாறுக்காரர். புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவார்; வீட்டாரோ அவர் படிக்கிறார் என்று நினைப்பார்கள். செலவுக்குக் காசு போதவில்லை என்று மனைவி முறையிடுவாள். அவர் ஜாம் வாங்கித் தின்றே தீர்ப்பார்.

ஓரிரவு கள்ளன் வருகிறான். மனைவியின் தலைமாட்டில் இருந்த பெட்டியில் ஏதோ பெறுமதியான சாமான் என்று நினைத்துத் தூக்கிப் போகிறான். உள்ளே இருந்தது வள்ளிக்கிழங்கு! மறுநாள் பொலிசுக்குக் கொடுக்கப் பட்டியல் எழுதவேண்டும். மனைவியின் இடுப்புப் பட்டி 6 யென் என்றதும், அவ்வளவு விலையில் எதற்கு என்று கணவர் சினக்கிறார். கிழங்கின் விலை தெரியாமல் அதற்கு மட்டும் 12 யென் 50 சென் போடுகிறார். இழப்புப் படிவத்தில் அடுப்படிச் சாமானுக்கு என்ன விலை போடுவதென்று நாமும் யோசித்தவர்கள்தானே. எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமூச்சும் வந்தது.

இந்தக் கதை தொடங்கியபோது ரஷ்ய-யப்பானிய யுத்தம் (1904-1905) நடந்துகொண்டிருந்தது. நாடே வெற்றி பேசிக்கொண்டிருக்க, இந்தப் பூனை குசினியில் எலிக்குக் காத்திருந்தபடி, ரஷ்யக் கப்பல்களை எதிர்பார்த்திருந்த தோகோ தளபதியாகத் தன்னை நினைத்துக்கொள்கிறது. கடைசியில் எலிதான் அதைக் கடிக்கிறது. அந்த நேரத்தில் அப்படி எழுதத் துணிவு வேண்டும்.

ஒரு குறையும் உண்டு. ஆண்கள் கூடியிருந்து பக்கம் பக்கமாகக் கதைக்கிறார்கள். வீட்டைக் கொண்டு நடத்துபவளுக்கு அவ்வளவு இடமில்லை. பூனையும் சேர்ந்து அவளைக் கேலி செய்கிறது.

சோசெகி வீட்டுக்கு உண்மையாகவே 1904இல் ஒரு பூனை வந்தது. மனைவி கியோகோ அதைப் பல தடவை வெளியே விரட்டினாராம். 1908இல் அது இறந்தபோது சோசெகி நண்பர்களுக்கு மரண அறிவித்தல் அனுப்பினார். பூனையின் நினைவு நாள்களில் மனைவி ஒரு துண்டு மீனும், மாசித்தூள் தூவிய சோறும் அதன் குழியடியில் படைப்பாராம். பிறகு பிறகு தோட்டம் மட்டும் கொண்டுபோகாமல், வீட்டுக்குள் அலுமாரிக்கு மேலேயே வைத்துவிடுவாராம்.