ஆராய்ச்சி மாணவனுக்கு யார் படியளப்பது?



2022 டிசம்பர் 8ஆம் தேதி மக்களவையில் ஒரு பதில் தரப்பட்டது. தந்தவர் அன்றைய சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி. மௌலானா ஆசாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்படுகிறது என்பதே அதன் சாரம். 2014-15 முதல் 2021-22 வரை அந்தத் திட்டத்தில் 6,722 பேர் தேர்வானார்கள், 738.85 கோடி ரூபாய் வழங்கப்பட்டது என்ற கணக்கும் அதே பதிலில்தான் இருந்தது. பள்ளிவாசல் சுவரில் ஒரு கீறல் விழுந்தால் மறுநாள் பஜார் முழுக்க அதே பேச்சு. இத்தனை ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சோறு போட்ட திட்டத்தை மூடியபோது எந்த பஜார் பேசியது?

அது என்ன திட்டம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். 2006இல் வந்த சச்சார் கமிட்டி அறிக்கை, நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் பட்டப்படிப்பில் 25 பேருக்கு ஒருவர், மேற்படிப்பில் 50 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம் என்று எழுதி வைத்தது. அதற்குப் பிறகு 2009இல் இந்தத் திட்டம் பிறந்தது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, பின்னர் ஜைனர் என எல்லாச் சிறுபான்மையினருக்கும் உரியது. மூடும் காலத்தில் முதல் இரண்டாண்டு மாதம் 31,000 ரூபாய், அடுத்து 35,000 ரூபாய். பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கீடு. இது சலுகை அல்ல, பி.எச்.டி. செய்கிறவனின் வாழ்வாதாரம். அறை வாடகை, சாப்பாடு, ஆய்வுக்கூடச் செலவு, ஆவணங்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் ரயில் கட்டணம் எல்லாம் அதில்தான்.

நிறுத்தியதற்குச் சொன்ன காரணம், வேறு திட்டங்களோடு இது ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது என்பது. ஒரே மாணவன் இரண்டு உதவித்தொகை வாங்க விதி முன்பே இடம் தரவில்லையே! பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது. நாடு முழுவதிலுமுள்ள அத்தனை பிற்படுத்தப்பட்ட சமூகங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,000 இடம். அதில் நம் பிள்ளைக்கு எத்தனை கிடைக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தேர்வானவர்களுக்குக் காலம் முடியும்வரை தருவோம் என்றார்கள். அந்தப் பணமும் 2025இல் மாதக்கணக்கில் வராமல் நின்றது. பணம் நின்றால் முதலில் ஊருக்குக் கூப்பிடப்படுவது பெண்பிள்ளைதான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

திட்டத்தைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்பது நம் உரிமை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது இந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே கேளுங்கள். அதற்காக, டெல்லி மனம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதா?

வணிகப் பெருமக்களே! உங்கள் பாட்டனார்கள் என்ன செய்தார்கள்? 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் நியூ காலேஜும் எழுந்தன. 1955இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி, 1956இல் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, 1971இல் பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியவர்கள் அவர்கள். கட்டடம் நிற்கிறது. அதன் வகுப்பறையில் நின்று பாடம் நடத்த நம் பிள்ளை வருகிறானா? உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் நெட் அல்லது செட் தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் பி.எச்.டி. வேண்டும். 2020-21ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் முஸ்லிம்கள் 5.6 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாம் 14.2 சதவீதம்.

நிறுத்தப்பட்ட திட்டத்தின் அளவிலேயே ஒரு மாணவனுக்கு ஐந்தாண்டுக்குக் கொடுத்தால் ஏறக்குறைய 20 லட்சம் ரூபாய் ஆகிறது. மலைக்க வேண்டாம். ஒரே கடைவீதியில் 20 பேர், ஆளுக்கு மாதம் 1,700 ரூபாய். 34,000 சேர்ந்துவிட்டது. மாதச் சீட்டுக் கட்டுவது நமக்குப் புதிதா? நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வது ஒரு நாள் வேலை. அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்தாண்டு, அறுபது மாதம், தேதி தவறாமல் கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. நாலாவது ஆண்டில் நிறுத்திவிட்டால் முதல் மூன்று ஆண்டுப் பணமும் வீண். அதனால் இருபது பேரில் இருவர் விலகினால் யார் சேர்வது என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள்.

ஜகாத் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வறுமையில் இருப்பவன் ஆராய்ச்சி செய்கிறான் என்பதற்காக ஏழை இல்லாமல் போய்விடமாட்டான். அவன் நிலையைச் சொல்லி உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஸதகாவுக்கு அந்தக் கேள்வியும் இல்லை. பக்தாதில் 1067இல் திறந்த நிஜாமிய்யா மதரஸா எதில் நடந்தது? வக்ஃபு வருமானத்தில். மாணவனுக்கும் படி, ஆசிரியருக்கும் சம்பளம். இமாம் கஸ்ஸாலி 1091இல் அங்கே பேராசிரியராக அமர்ந்தபோது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்றுதான்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. திட்டம் போய்விட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நெட் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000. இதில் மதமும் கேட்பதில்லை, பெற்றோர் வருமானமும் கேட்பதில்லை. அரபி மொழிக்கும் நெட் உண்டு. அரபுப் பண்பாடும் இஸ்லாமியக் கல்வியும் தனிப் பாடமாகவே உண்டு. மதரஸாவில் ஓதி முடித்து அஃப்ஸலுல் உலமா எழுதி, எம்.ஏ. அரபியும் முடித்த ஆலிம்கள் நம்மிடம் எத்தனை பேர்! அவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

சான்றிதழ் விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். தாசில்தார் தரும் பி.சி. முஸ்லிம் சாதிச் சான்று மாநில அரசு வேலைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் போதும். மத்திய அரசுத் தேர்வுக்கு அது செல்லாது. கிரீமிலேயரில் வரவில்லை என்று மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் சமூகத்தார் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தச் சான்று இருந்தால் ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30 என்பது 35 ஆகிறது, தேர்ச்சிக்கான மதிப்பெண்ணும் குறைகிறது. சான்று இல்லாமல் பொதுப் பிரிவில் எழுதித் தோற்றால் அடுத்த ஆறு மாதம் போயிற்று.

ஆகவே மஹல்லா ஜமாஅத் நிர்வாகிகள் வருகிற ஜும்ஆவுக்குள் ஒரு காரியம் செய்யட்டும். எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருக்கும் ஆண், பெண் பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். பி.எச்.டி.யைப் பாதியில் விட்டுவிட்டுத் துணிக்கடையிலோ மொபைல் கடையிலோ நிற்பவர்கள் இருந்தால் அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள். யாரிடம் ஓ.பி.சி. சான்று இல்லை என்று கேட்டு, அடுத்த வாரமே இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு வாருங்கள்.