முதலாளியும் நீ, தொழிலாளியும் நீ!

தம்பி!

நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் சாலையிலே ஒரு தேநீர்க் கடை. விடியற்காலை. வரிசையாக லாரிகள். டீசல் வாடையும் தேநீர் மணமும் கலந்து வரும் வேளை. இருபத்து நான்கு வயதிருக்கும் வாலிபன் ஒருவன் என்னருகே வந்து அமர்ந்தான். மூன்றாண்டு கிளீனர், ஓராண்டு டிரைவர். கண்ணிலே தூக்கமில்லை, ஒளி இருந்தது!

“அண்ணே! அடுத்த மாதம் நானும் ஓனர். பத்துச் சக்கர வண்டி. பைனான்ஸ் பேசியாகிவிட்டது. முன்பணத்துக்கு அம்மாவின் நகை; ஜாமீனுக்கு வீட்டுப் பத்திரம்” என்றான்.

மகிழ்ந்தேன் தம்பி, மறைக்கவில்லை. பிறர் வண்டியிலே, பிறர் சரக்கை ஏற்றிக்கொண்டு, பிறர் சொன்ன ஊருக்கு ஓடியவன், ‘என் வண்டி’ என்று சொல்லத் துடிக்கிறான். துடிக்கட்டும்! உழைப்பவன் உடைமையாளனாவதைக் கண்டு உள்ளம் பூரிக்காதவன் யார்? வானம் பார்த்த பூமியிலே ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் ஸ்டியரிங் பிடித்துத்தானே நாமக்கல்லையும் திருச்செங்கோட்டையும் சங்ககிரியையும் நாடறிந்த லாரி ஊர்களாக்கினார்கள்! கிளீனராக ஏறி உரிமையாளராக இறங்கியவர்கள் அங்கே பலருண்டு.

ஆனால், மகிழ்ந்த மனமே மறுகணம் கேட்டது: இந்தப் பிள்ளை வாங்கப்போவது லாரியையா, தவணையையா?

“லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?” என்றேன்.

“நாலு, அண்ணே!” பளிச்சென்று வந்தது பதில்.

“மும்பைக்குப் போனால் திரும்பி வர லோடு கொடுப்பது யார்?”

“அங்கே புக்கிங் ஆபீசிலே கேட்டால்...” இழுத்தான்.

“தவணை எவ்வளவு?”

“மாதம் ஐம்பதாயிரம்.”

“ஒரு மாதம் வண்டி நின்றுவிட்டால்?”

பதிலில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

அந்த மௌனத்தைத்தான் தம்பி, உன்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

நாமக்கல்லிலிருந்து மும்பை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலு என்றால் 300 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள். போக மட்டும் 27,000 ரூபாய். லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறினால் ஒரு பயணத்திலே 1,500 ரூபாய் பறிபோகும். 2017ஆம் ஆண்டு ஜூன் 16 முதல் டீசல் விலையை நாள்தோறும் மாற்றலாம் என்றாகிவிட்டது. பேசிய வாடகை நாள்தோறும் மாறுமா? மாறாது! பேசியது பேசியதுதான்!

பிறகு, சுங்கச்சாவடி. ஏற்றுகூலி, இறக்குகூலி. புக்கிங் ஆபீசுக்குக் கமிஷன். வழியிலே மாமூல். ஓடுவதற்குப் பத்து டயர், ஸ்டெப்னி ஒன்று. ஆண்டுக்கொரு முறை இன்சூரன்ஸ். அதிலே மூன்றாம் நபர் காப்புக்கு மட்டும், இந்த எடையுள்ள வண்டிக்கு 2022ல் நிர்ணயித்த தொகை 43,950 ரூபாய், வரி தனி. பழைய வண்டியாக வாங்கினால் செலவு குறையுமே என்பாய். எட்டாண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. உண்டு; அதற்குப் பட்டறைச் செலவும், பட்டறையிலே நிற்கும் நாட்களும் உண்டு.

நிற்கும் நாட்கள்! அங்கேதான் தம்பி, ஆபத்து இருக்கிறது. மாதம் ஐம்பதாயிரம் தவணை என்றால் நாளொன்றுக்கு 1,666 ரூபாய். மும்பையிலே திரும்புகால் லோடுக்கு மூன்று நாள் காத்திருந்தால் ஐயாயிரம் போயிற்று. எஞ்சின் நிற்கும், சக்கரம் நிற்கும், வருமானம் நிற்கும். நிற்காமல் ஓடுவது ஒன்றே ஒன்று, தவணை!

லாரி ஓட்ட லைசென்ஸ் கேட்டால், இருபது வயது ஆகிவிட்டதா, இலகுரக வண்டி லைசென்சு எடுத்து ஓராண்டு ஆயிற்றா என்று சட்டம் கேட்கிறது. ஓட்டிக் காட்டு என்கிறது. நல்லது, கேட்கட்டும். லாரிக்கு உரிமையாளனாவதற்கு என்ன தேர்வு? யார் பரிசோதிக்கிறார்கள்? எவருமில்லை! கடன் கொடுப்பவர் கேட்பது அனுபவத்தை அல்ல, ஜாமீனை! பிள்ளைக்குத் தொழில் தெரியுமா என்று பார்ப்பதற்கு முன், பெற்றவளின் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

‘நான் முதலாளி’ என்கிறான் வாலிபன். வாடகையை அவன் நிர்ணயிக்கிறானா? இல்லை. டீசல் விலையை? இல்லை. வட்டியை? இல்லை. சுங்கத்தை? இல்லை. அவன் கையிலே மிச்சமிருப்பது ஒன்றுதான், அவனுடைய தூக்கம். அதைத்தான் விற்கிறான்!

1961ஆம் ஆண்டு வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. யாருக்கு? ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு! ஒற்றை லாரிக்காரன் அந்த நிழலிலே ஒதுங்க இடமிருந்ததில்லை. எட்டு மணி நேரம் போராடிப் பெற்ற உரிமை, தம்பி! அந்த உரிமையைத் தொழிலாளியிடமிருந்து முதலாளி பறித்தால் கொடி பிடிக்கிறோம், கோஷமிடுகிறோம். முதலாளியும் நீ, தொழிலாளியும் நீ என்றால் யாரிடம் போய் முறையிடுவாய்? தவணைத் தேதி நெருங்க நெருங்க, உன்னை நீயே விரட்டுவாய், இரவையும் பகலாக்குவாய். ஒரு நொடி கண் அசந்தால் போவது உன் உயிர் மட்டுமா? எதிரே வருபவனுக்கும் தாயுண்டு, தாரமுண்டு!

தூக்கத்தை விற்றும் போதாதபோது, பாரத்தை ஏற்றத் தோன்றும். பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 28.5 டன் என்று 2018ல் உயர்த்தினார்கள். அதற்கு மேல் ஏற்றிச் சிக்கினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய்; மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஐந்து டன் மிகையென்றால் முப்பதாயிரம்! ஏற்றச் சொன்னவர் மண்டியிலே மின்விசிறிக்குக் கீழே இருப்பார். நடுரோட்டிலே கை பிசைந்து நிற்பவன் நீ!

அப்படியானால் ஆசையே கூடாதா? ஏழை டிரைவர் ஏழை டிரைவராகவே இருக்கட்டும் என்கிறேனா? இல்லை தம்பி, இல்லை! ஆசைக்கு அணை போடச் சொல்லவில்லை. அடித்தளம் போடச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டாண்டு பிறர் வண்டியிலேயே ஓட்டு. ஆனால் சம்பளத்துக்கு மட்டும் ஓட்டாதே, பாடத்துக்காகவும் ஓட்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. எந்த ஊருக்கு என்ன வாடகை, எத்தனை லிட்டர், எத்தனை சுங்கம், எத்தனை நாள் காத்திருப்பு, டயர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைத்தது, பாக்கி வாடகையை இழுத்தடிப்பவர் யார் - எழுது. அந்த நோட்டுதான் உன் முதல் மூலதனம். ஒரு வழித்தடத்தை, ஒருவகைச் சரக்கை, நேரே லோடு தரும் நாலு பேரை அறிந்துகொள். மூன்று மாதத் தவணையையாவது கையிலே வைத்துக்கொள். வைக்க முடியவில்லையா? வண்டி வாங்கும் நாள் இன்னும் வரவில்லை என்று பொருள்.

கையெழுத்துப் போடுமுன் படி. புரியாத மொழியிலே நீட்டினால், ‘தமிழிலே சொல்லுங்கள்’ என்று கேள்! கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியிலே தெரிவிக்கவேண்டும், ஒப்பந்தப் படியையும் தரவேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. தவணை தவறினாலும், அடியாட்களை விட்டு வழிமறித்து வண்டியைப் பறிக்கக்கூடாது, சட்டவழியிலேதான் செல்லவேண்டும் என்று 2007லும் 2011லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள். தெரியாதவனிடம்தான் மிரட்டல் பலிக்கும்!

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியே நிற்காதே. ஒற்றை லாரிக்காரன் புக்கிங் ஆபீஸ் வாசலிலே நின்றால், ‘வந்தால் வா, இல்லையேல் உன் பின்னால் பத்து வண்டி நிற்கிறது’ என்பார்கள். அந்தப் பத்துப் பேரும் உன்னோடு சேர்ந்து நின்றால்? பேச்சே மாறும்! ஐந்து பேர், ஐந்து வண்டி, ஒரே கணக்குப் புத்தகம். ஒருவன் வண்டி பழுதானால் நால்வர் அவன் தவணைக்குக் கைகொடுப்பது. கட்டுப்படியாகாத வாடகைக்கு ஐவருமே ஓட மறுப்பது. சங்கத்திலே சேர், சந்தா கட்டுவதோடு நில்லாமல் கூட்டத்துக்குப் போ.

தேநீர்க் கடை வாலிபனிடம் இதைத்தான் சொன்னேன். எழுந்து நின்றான், வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அம்மாவிடம் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா, அண்ணே?” என்றான்.

“கொடு! நோட்டுப் புத்தகம் நிரம்பிய பிறகு, தேவைப்பட்டால் கேட்டு வாங்கு” என்றேன்.

சாவி கைக்கு வரும் நாள் வரட்டும் தம்பி, வரவேற்போம்! அதற்கு முன்னால் கணக்கு வரவேண்டும். அதற்கும் முன்னால் துணை வரவேண்டும். அப்போதுதான் வண்டியின் நெற்றியிலே எழுதியிருக்கும் பெயர், உண்மையிலேயே உன் பெயராக இருக்கும்.