சும்மா சொன்ன தீர்ப்பு

"படம் எப்படி?" என்று கேட்டால், "ஒரே போர்!" என்று தீர்ப்பு வழங்கிவிட்டுப் பிரியாணியில் கைவைக்கும் அன்பர்கள் நம் பெருநாள் விருந்துகளில் பெருகிவிட்டனர். காரணம் வினவினால், "சும்மா சொன்னேன்" என்பார்கள். இந்தச் 'சும்மா'வை நான் ஏற்பதற்கில்லை.

1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' படத்தில் பாடல் ஒன்றுகூட இல்லை. நாயகன் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கிறார். கொலையாளி இன்னார்தான் என்று ஒவ்வொருவரும் தத்தம் நோக்கில் சொல்லச் சொல்லக் கதை விரிகிறது. நாயகனே நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பது பின்னரே புலனாகிறது. எத்துணைத் துணிவு! ஆயினும், "பாட்டில்லாத படமா?" என்ற முணுமுணுப்பின் முன் அத்துணிவு எடுபடவில்லை, வசூலில் படம் தோற்றது. இன்றோ, தமிழ்த் திரையின் சாதனைகளை எண்ணுவோர் அதனை விடுவதில்லை. மணிரத்னத்தின் 'இருவர்' படத்துக்கும் 1997இல் ஏறக்குறைய இதே கதிதான்.

பழிக்கவே கூடாது என்கிறேனா? தாராளமாகப் பழியுங்கள். எந்தக் காட்சி பொய்யாகப் பட்டது, எவர் நடிப்பு ஒட்டவில்லை, கதை எங்கே இழுபட்டது என்பதையும் சொல்லுங்கள். பாதியில் எழுந்து வந்தவர் அதனையும் மறைக்காமல் சொல்லட்டும். (இடைவேளைக்குப் பின் உறங்கியவரும்தான்!) உங்கள் ஒரு சொல்லை நம்பி, படத்தையே பாராத ஒருவர் அடுத்த வீட்டில் அதே தீர்ப்பை ஒப்பிக்கிறார். அங்கே போய், "அது சும்மா சொன்னது" என்று எவர் விளக்குவது?