'தி சீக்ரெட் ஹிஸ்டரி': முதல்ல செத்தது யாரு?

பழைய கல்லூரிக் கட்டடம், ட்வீட் கோட், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தடிமனான புத்தகம். 'டார்க் அகாடமியா' என்ற பெயரில் இப்படி ரீல்ஸ் நிறைய பார்த்திருப்பீங்க. இந்த ட்ரெண்டைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் கைகாட்டுவது, அமெரிக்க எழுத்தாளர் டோனா டார்ட்டின் 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' நாவலைத்தான். வெளியான ஆண்டு 1992.

வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரி. அங்கே கிரேக்கம் படிக்கும் ஆறு மாணவர்களில் பன்னி என்பவனை மற்றவர்கள் சேர்ந்து கொல்கிறார்கள். ஸ்பாய்லர்னு திட்டாதீங்க, நாவலின் ஆரம்பத்திலேயே இது தெரிந்துவிடும். யார் கொன்றது என்பதல்ல, ஏன் கொன்றார்கள் என்பதுதான் கதை.

"பிடிக்கிற மாதிரி ஒரு கேரக்டர்கூட இல்லையே, எப்படிப் படிக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குப் பிரச்சினையே வேறு. அவர்களை எனக்குப் பிடித்துப்போனது.

500 பக்கங்களுக்கு மேல் படித்து முடித்து, தோழியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்போ முதல்ல செத்தது யாரு?" என்று கேட்டாள். "அது... ஒரு விவசாயி" என்றேன். பெயர் ஞாபகம் வரவில்லை. நள்ளிரவில் பழங்கால கிரேக்கச் சடங்கு ஒன்றை நடத்திப் பார்க்கப்போன மாணவர்களிடம் சிக்கி உயிரிழந்தவர் அவர். அதைத் தெரிந்துகொண்டதால்தான் பன்னியும் கொல்லப்படுகிறான். பன்னிக்காக வருத்தப்பட்டேன், ஹென்றி மாட்டிக்குவானோ என்று பதறினேன். அந்த மனிதரை மட்டும் மறந்தே போனேன்.

காரணம், கதை சொல்லும் ரிச்சர்ட். கலிபோர்னியாவில் அப்பா பெட்ரோல் பங்க் நடத்துவதைச் சொல்ல வெட்கப்பட்டு, வசதியான வீட்டுப் பையன்போல நடிப்பவன். குளிர்கால விடுமுறையில் கூரை ஓட்டையான அறையில் நிமோனியாவில் சாகக் கிடந்தவனைக் காப்பாற்றுவது ஹென்றி. அந்த நன்றிக்கடனோடு அவன் சொல்லும் கதையைத்தான் நாம் கேட்கிறோம். கொலைகூட அவன் வாயால் வரும்போது நண்பர்களுக்கு வந்த சங்கடம் போலவே ஒலிக்கிறது. (கூட்டத்தின் ஒரே பெண்ணான கமிலாவை அவன் ரசிக்கிறானே தவிர, புரிந்துகொள்வதில்லை. அது எனக்கு எரிச்சல்தான்.)

இப்போது இரண்டாவது முறை படிக்கிறேன். விவசாயி பற்றிய வரிகளை மட்டும் பென்சிலால் கோடிடுகிறேன். பென்சிலுக்கு இதுவரை பெரிய வேலை இல்லை.