டிசம்பர் 31க்குப் பிறகு இவர்கள் எதைக் கொண்டு உலை வைப்பது?

தீவக மக்களுக்கும் கடல் கடந்து வாழும் எம்மூர் உறவுகளுக்கும், மண்கும்பானில் வாழும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களது குடும்பத்தவரும் விடுக்கும் வேண்டுகோள்

மண்கும்பான், ஒக்டோபர் 2025



வரும் டிசம்பர் 31ஆம் திகதியுடன் அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் 'பாதிக்கப்படக்கூடியோர்' என்று வகுக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கிடைத்துவரும் மாதம் 5,000 ரூபாவின் தவணை முடிகிறது. 'இடைநிலை' என்று வகுக்கப்பட்டவர்களின் தவணை கடந்த ஏப்ரல் 30ஆம் திகதியே முடிந்துவிட்டது. 2023இல் இந்த இரண்டு வகுப்புகளுக்கும் நாடளாவிய ரீதியில் தலா 4 இலட்சம் குடும்பங்கள் என்று கணக்குப் போட்டார்கள். நவம்பர் 7ஆம் திகதி நிதியமைச்சரும் ஜனாதிபதியுமானவர் 2026க்கான வரவு செலவுத் திட்டத்தைப் பாராளுமன்றத்தில் வாசிக்கப் போகிறார். அதற்கு முன்னர் பேசவேண்டியவர்கள் பேசவில்லை. ஆகவே நாங்களே பேசுகிறோம்.

5,000 ரூபா பெரிய தொகையா என்று கேட்பவர்கள் எம்மூரிலும் இருக்கிறார்கள். மூன்று பேருள்ள வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 55 ரூபா. அரை இறாத்தல் பாண் வாங்கவே இழுபறிப்படும் காசு. அரசாங்கத்தின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் போட்டிருக்கும் வறுமைக்கோட்டின்படி ஒருவர் உயிர்வாழ மாதம் 16,000 ரூபாவுக்கு மேல் வேண்டும். மூன்று பேருக்கு 48,000. அந்த 48,000 இல்லாத வீட்டுக்கு 5,000 கொடுத்துவிட்டு, இப்போது அந்த 5,000ஐயும் நிறுத்தினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பழைய சமுர்த்தி உதவித் திட்டம் போய் அஸ்வெசும வந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஒப்பந்தம் வந்தது. யூலையில் அஸ்வெசும வந்தது. இந்தக் காலத்துக்குள் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் ஏறியது. 2024 தைமாதம் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. சில விலைகள் பிறகு ஓரளவு இறங்கின, பழைய இடத்துக்கு எதுவும் வரவில்லை. 2021இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமாகியது என்று உலக வங்கியே சொன்னது. வறியவர்களின் தொகை இரண்டு மடங்காகிய நேரத்தில்தான், உதவி பெறுவோரைத் தெரிவுசெய்யும் புதிய முறையை எங்கள் தலையில் கட்டினார்கள். முதற் பட்டியல் வெளிவந்ததும் 9 இலட்சத்து 68 ஆயிரம் மேன்முறையீடுகள் குவிந்தன. பத்து இலட்சம் வீடுகள் ஒரேயடியாகப் பொய் சொல்லியிருக்குமா?

எங்களுடைய முதன்மையான முறைப்பாடு இந்தக் கணக்கெடுப்பு முறையைப் பற்றியது. கல்வி, ஆரோக்கியம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்பம் என்று ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகள் வைத்துப் புள்ளி போடுகிறார்கள். அந்தப் புள்ளியில் வீட்டுச் சுவர் தெரிகிறது. சுவருக்குள் கிடக்கும் ஆள் தெரிவதில்லை.

எம்மூரில் ஒரு தாய் இருக்கிறார், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகனுக்கு 2009இல் வன்னியில் முள்ளந்தண்டில் காயம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பதினாறு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். சலக்குழாய் மாற்ற வேண்டும், படுக்கைப் புண்ணுக்கு நாளாந்தம் மருந்து கட்டவேண்டும், பம்பஸ் வாங்க வேண்டும். புழுங்கினால் புண் பெருக்கும் என்பதால் மேசை மின்விசிறி இரவுபகலாகச் சுழல்கிறது. காற்று மெத்தைக்கும் கரண்ட் வேண்டும். தாயின் வருமானம் ஓலை பின்னுவதிலும் கடகம் இழைப்பதிலும் வருவது. கணக்கெடுக்க வந்தவர்கள் பார்த்தது இவற்றையல்ல. இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா மானியத்தில் கட்டிய வீடு: கல் சுவர், சீமெந்து நிலம், மலசலகூடம். எட்டுப் பரப்புக் காணி. மின்சாரப் பட்டியலில் கூடிய அலகுகள். புள்ளி கூடிவிட்டது, 'இடைநிலை' வகுப்பில் விழுந்தார்கள். அந்தக் காணி எப்படிப்பட்டதென்று மண்கும்பானைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மணல் மேடும் பனையும் தாழையும். அதில் நெல்லும் விளையாது, அதை விற்கவும் ஆளில்லை. மின்விசிறி சுழன்றதற்காக ஒரு வறிய குடும்பம் வசதியுள்ள குடும்பமாகக் கணக்கில் ஏறியது. மேன்முறையீடு கொடுத்துப் பல மாதங்கள் ஆகின்றன, இன்றுவரை பதிலில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்காதீர்கள். யுத்தத்துக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் இந்திய உதவியில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. குடிசை எரிந்து, குடும்பம் சிதறி, இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்குக் கிடைத்த வீடு அது. 1990 ஓகஸ்டில் தீவகத்தில் நடந்த படுகொலைகளையும், 2006இல் பக்கத்து அல்லைப்பிட்டியில் நடந்த படுகொலையையும் கண்டவர்கள் நாங்கள். எங்களுக்குக் கிடைத்த கூரையே எங்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்படும் என்று எவரும் நினைக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாகக் கொடுப்பனவு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. கடந்த ஏப்ரலிலிருந்து அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. முதியோருக்கு 3,000 ரூபா 5,000 ரூபாவாகியது. கூட்டியதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் அது எத்தனை பேருக்கு? 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதம், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ வேறேதேனுமொன்றிலோ சிரமம் உள்ளவர்களாகப் பதியப்பட்டார்கள். 2023இல் அஸ்வெசும வர்த்தமானி மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடங்கள் 72,000. 16 இலட்சம் பேருக்கும் காசு வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் இருபத்திரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு எந்த வைத்தியரிடம் கேட்டுப் போடப்பட்டது? அதன் பிறகு அந்த எண்ணிக்கை உயர்ந்தாலும், மட்டுப்பாடு மட்டுப்பாடுதான். ஊனத்துக்கு 'இடம் காலியாகும்வரை காத்திரு' என்று சொல்லமுடியாது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தபடியே கண்மூடியவர்கள் எம்மூரில் இருக்கிறார்கள்.

காசு வந்தாலும் அதைக் கையில் எடுப்பது இன்னொரு பாடு. எம்மவர் ஒருவருக்கு இரண்டு கால்களும் இல்லை. கணக்குத் திறக்க நேரில் வரவேண்டும் என்றார்கள். போனால் வங்கிக் கிளை வாசலில் படிகள், சாய்தளம் இல்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் இருத்தினார்கள். பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தது. கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளை பிறப்பித்தது. 1996இலிருந்து மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் அதே உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் நாடு ஏற்புறுதி செய்தது. இத்தனையும் இருந்தும் ஒரு மனிதனை மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கித்தான் அவருடைய சொந்தக் காசை எடுக்கவேண்டியிருக்கிறது.

பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கோ, செயற்கைக் கால் போடும் ஜெய்ப்பூர் நிலையத்துக்கோ போகவேண்டுமென்றால் சக்கர நாற்காலிக்காரரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஓட்டோ பிடித்தால் போகவர இரண்டாயிரத்துக்குக் குறையாது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உள்ளவர்கள் அதற்கு முன்னர் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகிலிருந்து தூக்கி இறக்கப்படவேண்டும். ஊனத்தோடு வாழ்வதற்கு ஆகும் மேலதிகச் செலவு இதுதான். 22 குறிகாட்டிகளில் இதற்கு எங்கே இடம்?

இனி, எங்கள் சொந்தச் சனங்களிடம் சில வார்த்தைகள்.

பட்டியலில் உள்ள ஒருவருக்கு எதிராக எவரும் ஆட்சேபனை கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. 2023இல் நாடு முழுவதும் 17,500 ஆட்சேபனைகள் போயின. வேலித் தகராறுக்கும் கோயில் நிர்வாகப் பிரச்சினைக்கும் பழிதீர்க்க இந்தப் படிவத்தைப் பயன்படுத்தியவர்கள் எமது தீவகத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும். ஒரு கையெழுத்தால் ஒரு நோயாளியின் மருந்துக் காசை நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பாவத்தைக் கழுவ வழி உண்டு: நீங்கள் கொடுத்த ஆட்சேபனையை நீங்களே எழுத்தில் திரும்பப் பெறுங்கள். வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் காசு வரும் வீடுகளில் சில இன்றும் கொடுப்பனவு எடுக்கின்றன. அவர்களிடமும் சொல்கிறோம், விட்டுக்கொடுங்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளே, நீங்கள் செய்த உதவிகளை மறக்கவில்லை. சக்கர நாற்காலி தந்தீர்கள், கிணறு இறைத்துத் தந்தீர்கள். ஆனால் கோபுரத்துக்கும் திருவிழாவுக்கும் இலட்சக்கணக்கில் சேர்கிற அதே ஊரில், படுக்கைப் புண்ணுக்குப் போடும் மருந்துக்கு ஆள்பார்த்துக் கேட்கவேண்டியிருக்கிறது. உங்கள் உதவியைவிடப் பெரிய உதவி ஒன்று இப்போது தேவை. இலண்டனில் உள்ளவர்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள்: அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான 'பிப்' கொடுப்பனவை இறுக்க அரசு சட்டம் கொண்டுவந்தபோது, மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எழுந்து நின்றன, ஆளும் கட்சி எம்.பி.க்களே எதிர்த்தார்கள், கடந்த யூலை 1ஆம் திகதி அரசு அந்தப் பிரிவைக் கைவிட்டது. அந்த நாட்டில் உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதத் தெரிந்த நீங்கள், யாழ்ப்பாண மாவட்ட எம்.பி.க்களுக்கு ஏன் எழுதுவதில்லை? ஆறு ஆசனங்களில் மூன்றை ஆளும் கட்சிக்கு இந்த மாவட்டம் கொடுத்தது. அந்த மூவரும் மற்ற மூவரும் நவம்பரில் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இந்த விடயத்தைப் பேசவேண்டும். மாகாண சபை 2018 ஒக்டோபரிலிருந்து இல்லாததால் எங்கள் முறைப்பாட்டைக் கேட்க இடையில் வேறு சபையும் இல்லை.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. மறுகணக்கெடுப்பு முடிந்து மேன்முறையீடுகளுக்குப் பதில் கிடைக்கும்வரை எந்த வகுப்பினரின் கொடுப்பனவையும் நிறுத்தக்கூடாது. ஏப்ரலில் நின்ற 'இடைநிலை'க் குடும்பங்களில் மாற்றுத்திறனாளியோ நாட்பட்ட நோயாளியோ இருந்தால் உடனே திரும்பக் கொடுக்கவேண்டும். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவை வீட்டுச் சுவரிலிருந்தும் காணிப் பரப்பிலிருந்தும் பிரித்து, வைத்தியரின் சான்றிதழை அடிப்படையாக வைத்துத் தீர்மானிக்கவேண்டும், அதற்கு எண்ணிக்கை மட்டுப்பாடு வைக்கக்கூடாது. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க உத்தியோகத்தர் வீட்டுக்கு வரவேண்டும். விதானையாரும் சமுர்த்தி உத்தியோகத்தர்களும் வேலைப்பளுவில் படும் பாட்டையும் அறிவோம். அவர்களை நாங்கள் குற்றம் சாட்டவில்லை, கொழும்பில் வரைந்த படிவத்தைத்தான் சாட்டுகிறோம்.

உங்களிடம் கேட்பது: இந்த வாரமே உங்கள் ஒழுங்கையில் மாற்றுத்திறனாளி உள்ள வீடுகளுக்குப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மேன்முறையீட்டை எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டை வாங்கி அவர்கள் கையில் வையுங்கள். பள்ளி ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் இதைச் செய்யலாம். பிள்ளையார் கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் தேவாலயமும் வெள்ளிக்கிழமையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த வேண்டுகோளை வாசித்துக் கையெழுத்துச் சேர்க்கும்படி கேட்கிறோம். நவம்பர் 7க்கு முன்னர் அந்தக் கையெழுத்துகள் கொழும்புக்குப் போகவேண்டும்.

தேர்தல் நேரத்தில் எங்களைத் தூக்கிக்கொண்டு போய் வாக்குப் போட வைத்தவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். அடுத்த முறை வாகனத்தோடு வாசலுக்கு வரும்போது, இந்த டிசம்பரில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று முதலில் கேட்போம்.

பதில் வராவிட்டால் 2026 ஜனவரி 2ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு வேலணைப் பிரதேச செயலக வாசலில் நாங்கள் இருப்போம். சக்கர நாற்காலியில் வரக்கூடியவர்கள் வருவார்கள், கோலூன்றி வரக்கூடியவர்கள் வருவார்கள், படுக்கையில் உள்ளவர்களின் தாய்மார் வருவார்கள். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வர ஆட்கள் தேவை. அன்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வாருங்கள்.