விரல் அசைவதை எழுதி வையுங்கள்



பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நடக்கிறாரா?" அடுத்தது, "கை வந்துடுச்சா?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு, "எங்கே? இன்னும் வரலையே" என்று வீட்டார் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இறுக மூடிக் கிடந்த கை பாதி திறந்திருக்கும். கட்டைவிரல் கொஞ்சம் விலகத் தொடங்கியிருக்கும். ஆனாலும் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகாதவரை நம் கணக்கில் அது வராத கைதான். அந்தப் பதில், கட்டிலில் இருப்பவர் காதிலும் விழுகிறது.

நாம் விட்டுவிடும் இந்தச் சிறு அசைவுகளை விடாமல் கணக்கெடுக்க மருத்துவத்தில் நல்ல அளவுமுறைகள் இருக்கின்றன. 1975இல் சுவீடனைச் சேர்ந்த ஆக்சல் ஃபூகல் மேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஓர் அசைவு அறவே வரவில்லை என்றால் 0, ஓரளவு வந்தால் 1, முழுதாக வந்தால் 2. தோள் முதல் விரல் வரை மொத்தம் 66 மதிப்பெண். அதில் மணிக்கட்டுக்கு 10, கைக்கும் விரல்களுக்கும் 14. விரல்களை மடக்கச் சொல்வார்கள், நீட்டச் சொல்வார்கள். ஒரு காகிதத்தைக் கட்டைவிரலால் இடுக்கிக்கொள்ளச் சொல்லி, மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். காகிதம் நழுவினால் ஒரு மதிப்பெண், நழுவாவிட்டால் இன்னொன்று. வீட்டார் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாத மாதத்தில் இந்த மதிப்பெண் தாளில் நான்கைந்து புள்ளி கூடியிருக்கலாம்.

1981இல் ரொனால்ட் லைல் வகுத்த சோதனை, கை பொருளை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கிறது. மொத்தம் 19 வேலைகள், 57 மதிப்பெண். மரக்கட்டையையும் கிரிக்கெட் பந்தையும் எடுத்து உயரப் பலகையில் வைக்க வேண்டும். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோலிக்குண்டைக் கட்டைவிரலாலும் மோதிரவிரலாலும் மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். நலமாக இருப்பவர்களே செய்து பாருங்கள், அந்த விரல்களுக்கு எவ்வளவு நுட்பம் தேவை என்று புரியும்.

விரலை மடக்குவதைவிட நீட்டுவதுதான் பலருக்குக் கடினம். அதனால்தான் முதல் சில நாட்களிலேயே மருத்துவர்கள், "விரலை நீட்டுங்க பார்ப்போம்" என்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, மூன்று நாட்களுக்குள் விரலைக் கொஞ்சமாவது நீட்டவும் கையைத் தோளிலிருந்து பக்கவாட்டில் தூக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கை ஓரளவேனும் வேலைக்கு உதவும் வாய்ப்பு 98 விழுக்காடு என்று கண்டது. இரண்டும் முடியாதவர்களுக்கு 25 விழுக்காடு. இந்த 25ஐ நான் அழுத்திச் சொல்கிறேன். நான்கில் ஒருவருக்குக் கை உதவத் தொடங்கியிருக்கிறது. முதல் வாரத்திலேயே "இனி அவ்வளவுதான்" என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

இந்த இதழில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்னொன்று. இரு மணிக்கட்டிலும் கடிகாரம்போல அசைவு உணரும் கருவியைக் கட்டிவிட்டு நாள் முழுதும் அளந்த ஆய்வுகள் இருக்கின்றன. நலமாக இருப்பவர்கள், வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள்கூட, இரு கைகளையும் ஏறக்குறைய சம நேரம் பயன்படுத்துகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களிடமோ, சிகிச்சை அறையில் மதிப்பெண் ஏறினாலும் வீட்டில் அந்தக் கையின் உபயோகம் பலருக்குக் கூடுவதே இல்லை. முடிந்த கையையும் பயன்படுத்தாமல் பழகிவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, நல்ல கைக்கு உறை மாட்டி, பாதித்த கைக்குத் தீவிரப் பயிற்சி தரும் சிகிச்சையை உருவாக்கினார்.

நம் வீடுகளில் அந்தக் கை பயன்படாமல் போவதற்கு அன்பே காரணமாகிவிடுகிறது. சட்டைப் பொத்தானை மகள் போட்டுவிடுகிறாள். இட்லியை மனைவி பிட்டு ஊட்டிவிடுகிறார். ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் அவரே செய்திருப்பார் என்ற இடத்தில்கூட நம் கை முந்திக்கொள்கிறது. தயவுசெய்து பொறுத்திருங்கள்.

பொறுமையோடு பயிற்சியும் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்ற சிறிய கைப்பயிற்சி ரோபோவில் மோட்டார் ஒன்றுதான். கைப்பிடியை மாற்றினால் மணிக்கட்டுக்கும், கையை விரித்து மூடுவதற்கும் தனித்தனியே பயிற்சி தருகிறது. நம் ஊரிலேயே இப்படி ஒன்று உருவானதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அது கிடைக்காத ஊரிலும் முன்னேற்றத்தை அளந்துவைக்க ஒரு நோட்டும் பள்ளிக்கூட ஸ்கேலும் கிடைக்கும். பாதித்த கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் திறக்கிறது என்று வாரம் ஒருமுறை, அதே நாற்காலியில், அதே நேரத்தில் அளந்து தேதி போட்டு எழுதுங்கள். களைப்பிலும் குளிரிலும் விரல்கள் கூடுதலாக இறுகும், அதனால்தான் நேரம் மாறக் கூடாது என்கிறேன். விரலைப் பிடித்து இழுத்து அளக்காதீர்கள். அன்றைக்கு அந்தக் கையால் அவர் செய்த வேலைகளையும் கீழே குறித்துவையுங்கள்.

அடுத்த முறை பிசியோதெரபிக்கோ ஆக்குபேஷனல் தெரபிக்கோ போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் எடுக்கும் மதிப்பெண்ணையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்