ஒரகடத்துக்கு ஒரு கலைக் கொட்டகை

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் நமது மாகாணத்தின் கைத்தொழில் வளர்ச்சி கண்கூடாகத் தெரிகிறது. 1998-ம் வருஷம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை மோட்டார் வண்டி செய்யத் தொடங்கியது முதல், ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த கிராமங்களிடையே பெரும் ஆலைகள் எழுந்துள்ளன. தூர ஜில்லாக்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வாலிபரும் யுவதிகளும் பல்லாயிரக்கணக்கில் அங்கு வந்து உழைக்கின்றனர். அவர்கள் சம்பாதிக்க இடமுண்டு; செலவழிக்க இடமுண்டு; உறங்க இடமுண்டு. மனம் விட்டுப் பாடவும், பேசவும், ஆடவும் இடம் எங்கே என்று கேட்கிறோம்.

இது சில்லறை விஷயமன்று. வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டு, ஒரே கையசைவை நாளெல்லாம் செய்யும் வேலை, தாய் தந்தையரைப் பிரிந்த விடுதி வாழ்வு, நாளை வேலை நிலைக்குமோ என்ற கவலை ஆகியவை இளம் உள்ளத்தை மெல்ல மெல்ல அரிக்கின்றன. 2021-ம் வருஷத்தில் உலகெங்கும் 15 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரண காரணங்களில் தற்கொலை மூன்றாவதாக நின்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நோய் முற்றியபின் வைத்தியரைத் தேடுவதோடு நமது கடமை தீர்ந்துவிடுமா?

அவ்வருஷம் டிசம்பரில் நடந்ததை நேயர்கள் மறந்திரார். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், தாங்கள் தங்கியிருந்த விடுதியின் உணவால் நோயுற்றனர். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவிற்று. அது பொய்யென்று அதிகாரிகள் சொல்லியும் நம்பாத பெண்கள், பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். உணவின் கேடு ஒரு புறமிருக்க, நெஞ்சிலுள்ளதை நாள்தோறும் சொல்லிக்கொள்ள ஓர் இடமில்லாதவர்களுக்கு நடுச்சாலையே சபையாயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சென்னை வரலாறு இதற்கு ஒரு பாடம் தருகிறது. பெரம்பூர் மில் தொழிலாளர் முதலில் கூடியது எந்தச் சங்கத்திலுமன்று. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையிலேயாம். பக்தி கேட்க வந்த இடத்தில் தங்கள் துயரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 1918-ம் வருஷம் ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கிருந்தே பிறந்தது. கூடிக் கேட்கும் இடம் மனச்சுமையை இறக்கும் இடமுமாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கலைக்கும் இப்பிரதேசத்தில் பஞ்சமில்லை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியே காஞ்சீபுரம் போனால் கட்டைக்கூத்தின் சொந்த நாடு வந்துவிடும். 1990-ல் கூத்துக் கலைஞர்கள் தமக்கென்று கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002-ல் ராஜகோபால் முதலியோர் தொடங்கிய குருகுலம், ஏழைச் சிறுவருக்குப் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்தது. ஆண்களே ஆடிவந்த மேடையில் பெண் பிள்ளைகளையும் ஏற்றியது. அக்குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. பாட்டன் பாரதக் கூத்துக்காக விடிய விடியக் கண் விழித்த அதே பிரதேசத்தில் பேரன் இயந்திரத்தின் முன் கண் விழிக்கிறான். பாட்டன் ஊரோடு கூடி விழித்தான்; பேரன் தனித்து விழிக்கிறான். வித்தியாசம் அதுதான்.

தொழிலாளிக்கு வேண்டுவது கூலியேயன்றிக் கூத்தன்று என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். கூலிக்குப் பதிலாகக் கூத்து என்று நாம் சொல்லவில்லை. 2024-ல் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலை நிறுத்தம் செய்து கேட்ட உரிமைகளுக்கு எந்தப் பறையும் ஈடாகாது. கலை மருந்துமன்று, நோயுற்றவன் வைத்தியரிடமே போக வேண்டும். ஆயினும் நோய் வருமுன் காக்கவும், வந்தபின் ஆறுதல் தரவும் கலை துணை செய்கிறது என்று 3,000-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் திரட்டி உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியக் கிளை 2019-ல் எடுத்துரைத்தது.

பணத்துக்கு எங்கே போவது? 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, பெரிய கம்பெனிகள் தமது சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட விதிக்கிறது. ஆலையைச் சுற்றியுள்ள இடத்துக்கு முதன்மை தரச் சொல்கிறது. கலையையும் சுகாதாரத்தையும் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. சொந்தச் சிப்பந்திகளின் நலனுக்கென்றே செய்வது இக்கணக்கில் சேராது. ஆகவே கொட்டகை ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டுமென்பது சட்டத்துக்கும் ஒத்ததே.

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சர்க்கார் 2024-ல் திறந்தனர், அதைப் பாராட்டுகிறோம். ஆனால் விடுதிச் சுவருக்குள், காப்பாளர் கண்காணிப்பில் அமையும் பொழுதுபோக்கு அறை நாம் கேட்பதன்று. சிப்காட் ஒரு துண்டு நிலம் ஒதுக்கட்டும். கம்பெனிகள் கொட்டகை போடட்டும். கூத்துக் கலைஞர்கள் சம்பளம் பெற்று ஆசிரியராகட்டும். இரவு ஷிப்டு முடிந்து வருவோர்க்கும் அதன் கதவு திறந்திருக்கட்டும். நிர்வாகம் மட்டும் வாலிபரிடமும் யுவதிகளிடமுமே இருக்கட்டும். அங்கு பாட்டோடு முறையீடும் எழும் என்று முதலாளிகள் அஞ்சலாம். எழட்டும். கொட்டகையில் கேளாத குரலை நெடுஞ்சாலையில் கேட்க நேரும் என்பதை 2021 காட்டிவிட்டது.